சங்குகுளிக்கு லைஃப் ஜாக்கெட்

கடல்வளப் பாதுகாப்பு, கடல்சார் தொழில் மேம்பாடு மற்றும் கடலோரப் பொதுமக்கள் நலன் ஒருங்கிணைப்பு இயக்ககம் என்று ஓர் அலுவலகம் தூத்துக்குடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளமாகப் போனதால், கடைசி இரண்டு வார்த்தைகள் மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரில் இருந்தன. இவ்வளவையும் சொல்ல மூச்சு போதாமல் திரேஸ்புரத்து ஆட்கள் அதை மூணாபீசு என்றார்கள்.

மூன்று பிரிவுகள். மேம்பாட்டுப் பிரிவு சங்கு குளிப்பவர்களுக்கு மானியத்தில் கம்பிரசர் கொடுத்தது. மேலே வள்ளத்திலிருந்து குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு அடியில் அதிக நேரம் இருந்து தொழில் வளர்க்கலாம் என்பது திட்டம். வளப் பிரிவு, கம்பிரசர் வைத்துக் குளித்தால் கடலில் சங்கே மிஞ்சாது என்று அதற்குத் தடை போட்டது. பிடிபட்டால் வள்ளம் பறிமுதல், உரிமம் ரத்து. பாதுகாப்புப் பிரிவு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சாயவில்லை. சங்கு குளிக்கும் அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வழங்குவது என்று முடிவு செய்தது. அடிக்குப் போவதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு, போக விடாத சட்டை. மூன்று பிரிவும் ஒரே மாடியில் இருந்தன, ஒரே ஆளிடம் டீ வாங்கிக் குடித்தன. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது என்று சொல்வது அபாண்டம். தெரியும். கோப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஜாக்கெட்டைக் கரையில் வைத்துக் கொடுத்தால் போட்டோவில் கடல் விழாது என்று யாரோ சொல்லப்போக, பாதுகாப்பு வாரத்தை நடுக்கடலில் கொண்டாடுவதாக ஏற்பாடாயிற்று.

அந்த முற்பகலில் டெரன்ஸ், பாஸ்கலின் வள்ளத்தில் விளிம்போரமாகக் குந்தியிருந்தான். கையில் ஒரு கயிறு. காலடியில் மஞ்சள் காற்றுக் குழாய். இரண்டும் கடலுக்குள் இறங்கி, அடியில் பாறைத்திட்டில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்த அமலனிடம் போய் முடிந்தன. குழாய் அவன் வாயில், கயிறு அவன் இடுப்பில்.

அமலன், டெரன்ஸின் அக்காள் ஜெமிமாவின் புருஷன். தற்செயல் இல்லை. குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். முத்துக்குளித்த காலத்திலிருந்தே ஏற்பாடு அப்படி. சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் அப்பன் வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கலாம். கூட்டாளி பிடித்தால் பழைய பகை வரலாம். மச்சினன் பிடித்தால் அக்காள் முகம் மட்டும்தான் வரும். எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் இத்தனை தூரம் யோசித்ததில்லை.

பாஸ்கல் வள்ளத்துச் சொந்தக்காரர். கம்பிரசரைத் தார்ப்பாய்க்கு அடியில் ஓடவிட்டு, தார்ப்பாயின் கிழிசல் வழியே அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கமிருந்து வந்த வெள்ளைப் படகை அவர்தான் முதலில் கண்டார்.

“ஏலே, மூணாபீசு வாரான்.”

டெரன்ஸின் கை கயிற்றை இழுக்கத்தான் போனது. இரண்டு இழுப்பு இழுத்தால் அமலன் மேலே வந்துவிடுவான். ஆனால் அமலன் காலையிலிருந்து அடியில் கிடக்கிறான். அப்படிப்பட்டவன் வழியில் நின்று நின்று, மெதுவாகத்தான் ஏற வேண்டும். விசுக்கென்று மேலே வந்தால் உடம்புக்குள் காற்று நுரைத்து மூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரேஸ்புரம் கரையில் நாளெல்லாம் காலை நீட்டிச் சீட்டாடுகிறவர்களில் இரண்டு பேர், ஓய்வு விரும்பி அப்படி உட்கார்ந்தவர்கள் அல்ல. போதாததற்கு, வெள்ளைப் படகின் அடியில் சுழலும் இயந்திர விசிறிகள் வேறு, ஏறி வருகிறவன் தலையைச் சீவுகிற மாதிரி வள்ளத்தை ஒட்டியே வந்தன. அவன் அடியிலேயே இருக்கட்டும். இவர்கள் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். டெரன்ஸ் குழாயை நசுக்காமல் காலால் மறைத்து உட்கார்ந்துகொண்டான்.

படகில் உதவி இயக்குநர் செந்தூர்வேல் நின்றிருந்தார். டையின் மேல் லைஃப் ஜாக்கெட், அதன் மேல் அடையாள அட்டை. பின்னால் ஒரு போட்டோக்காரர், ஒரு பேனர், பேனரைப் பிடிக்க நான்கு பேர். வள்ளத்தோடு படகைச் சேர்த்துக் கட்டினார்கள்.

என்ன சத்தம் அது என்று செந்தூர்வேல் கேட்டார். தண்ணீர் இறைக்கிற மோட்டார் என்றார் பாஸ்கல். செந்தூர்வேல் தார்ப்பாயை ஒருமுறை பார்த்தார், நம்பினார். நம்புவது அவருக்கும் சௌகரியமாக இருந்தது.

“வீடியோவில் ஐயா குரல் கேட்காது. அதைக் கொஞ்சம் அணையுங்க,” என்றார் போட்டோக்காரர்.

பாஸ்கல் டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ் முள்ளைப் பார்த்தான். கம்பிரசரின் தொட்டியில் அடைபட்ட காற்று கொஞ்ச நேரம் தாங்கும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் வள்ளம் போகும், உரிமம் போகும், இரண்டு குடும்பத்துச் சோறு போகும். சொல்லாவிட்டால் என்ன, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். டெரன்ஸ் சரியென்று தலையை அசைத்தான். அதிகாரிகளைப் பற்றி அவன் போட்ட ஒரே தப்புக் கணக்கு அது.

பாஸ்கல் அணைத்தார். கடல் திடீரென்று அமைதியானது.

செந்தூர்வேல் ஒலிபெருக்கியை எடுத்தார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இரண்டே பேர் என்றாலும் எடுத்தார். கடல் நம் தாய் என்று தொடங்கினார். முள் பச்சையை விட்டு இறங்கியது. பாண்டியர் காலத்து முத்து வணிகத்துக்கு அவர் வந்தபோது அது மஞ்சளைத் தொட்டது. ரோமாபுரிக்கு முத்து ஏற்றுமதியான விவரத்தை அவர் சொல்லாமல் விடக்கூடும் என்று டெரன்ஸ் நம்பினான். விடவில்லை.

நடுவில் அவர் கண் கயிற்றில் விழுந்தது.

“கையில் என்ன அது?”

“நங்கூரக் கயிறு சார்.”

“நங்கூரக் கயிற்றைக் கையில் பிடிக்கக் கூடாது. உள்ளங்கை அறுந்துவிடும். கட்டி வையுங்கள். பாதுகாப்பு என்பது இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.”

அதையும் வீடியோவில் பதிவு செய்தார்கள். பிறகு அவர் மனித உயிரின் மதிப்புக்கு வந்தார். முள் சிவப்புக்கு வந்தது. டெரன்ஸ் எழுந்து நின்று சட்டையை வாங்க வேண்டும் என்றார் போட்டோக்காரர். இரண்டு கையும் தெரிய வேண்டும், முகத்தில் கொஞ்சம் நன்றி தெரிந்தாலும் நல்லது. டெரன்ஸ் கயிற்றைக் கால்விரலுக்கு அடியில் மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான்.

மிதித்த கயிறு துடித்தது. ஒருமுறை. பிறகு கணக்கில்லாமல்.

அவன் சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றுக்குக் குனிவதற்குள் வள்ளத்தின் மறுபக்கம் தண்ணீரைப் பிளந்துகொண்டு அமலனின் தலை வெளிவந்தது. வாயில் குழாய் இல்லை. மூக்கிலிருந்து ரத்தம். அவன் இழுத்த மூச்சு ஒலிபெருக்கியை விடச் சத்தமாகக் கேட்டது.

வெள்ளைப் படகில் இருந்தவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். செந்தூர்வேலின் முகம் மலர்ந்தது. வருடக்கணக்காகப் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டிய காட்சி, கேட்காமலே கண்ணெதிரே நடக்கிறது. மிதவை வளையம் பறந்தது. பேனரைப் பிடித்திருந்தவர்கள் பேனரை விட்டுவிட்டு அமலனைப் பிடித்துத் தங்கள் படகில் ஏற்றினார்கள். அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பக்கத்தில் செந்தூர்வேல் குனிந்து தோளில் கை வைக்க, படம் எடுத்து, அனுப்பியும் விட்டார்கள்.

இனி நேரே துறைமுகம் என்றார் செந்தூர்வேல். பத்திரிகைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், இயக்குநரே வருகிறார், காப்பாற்றப்பட்டவர் இரண்டு வார்த்தை பேசலாம்.

காப்பாற்றப்பட்டவன் தன் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள,” என்றான் டெரன்ஸிடம், மெதுவாக. “எறும்பு ஊருத மாதிரி இருக்குல.”

சீட்டாடுகிற இருவருக்கும் எறும்பில்தான் தொடங்கியது. இதற்கு இந்தக் கரையில் தெரிந்த மருந்து ஒன்றுதான். வாயில் குழாயைக் கொடுத்துத் திரும்ப அடிக்கு இறக்கி, சுணங்காமல் காற்றைக் கொடுத்து, பொழுதெல்லாம் ஆனாலும் சரி, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எங்கேயோ உண்டு என்று கேள்வி. அந்த எங்கேயோவுக்குப் போகிற வழியில் பொன்னாடையும் நன்றியுரையும் இருந்தன.

அவன் வெள்ளைப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “சார், அவரு முங்குனவரு இல்ல. குளிக்கப் போனவரு. கம்பிரசர்ல.”

பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டார்.

செந்தூர்வேல் பதறவில்லை. “நீங்கள் பதற்றத்தில் பேசுகிறீர்கள். இந்தக் கடல் பகுதியில் கம்பிரசர் கிடையாது. போன காலாண்டு அறிக்கையிலேயே பூஜ்யம் என்று போட்டாயிற்று.”

டெரன்ஸ் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். கம்பிரசர் வெயிலில் பளபளத்தது. அதன் வயிற்றில் மூணாபீசின் மானிய முத்திரை, பெயர் முழுசாக, இரண்டு வரியில்.

செந்தூர்வேல் கரையில் தெரிந்த அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை எண்ணுகிறவர் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணு, மச்சானை எறக்கி விடுங்க. இல்ல, இதையும் ஒரு போட்டோ எடுங்க சார்,” என்றான் டெரன்ஸ்.

போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினார். செந்தூர்வேல் லென்ஸை உள்ளங்கையால் பொத்தினார். பாதிக்கப்பட்டவருக்கு ஓய்வு தேவை, அவர் தன் உறவினர்களுடன் இருப்பதே நல்லது என்று அவர் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஜாக்கெட்டை மட்டும் திரும்ப வாங்க வேண்டாம், அது அரசின் அன்பளிப்பு என்றார். அமலனை வள்ளத்துக்கு மாற்றிவிட்டுப் படகு திரும்பிப் போன வேகத்தில் பேனர் தண்ணீரில் விழுந்தது. யாரும் எடுக்க நிற்கவில்லை.

பாஸ்கல் கம்பிரசரை முடுக்கினார். அமலனின் ஜாக்கெட் பக்கிளை டெரன்ஸ் கழற்றிக்கொண்டிருக்கவில்லை. கத்தியை எடுத்து வாரை அறுத்தான். அமலன் குழாயைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்கினான். இறங்கும்போது அவனுடைய ஒரு கால்தான் தண்ணீரை உதைத்தது.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. டெரன்ஸ் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான், நிறுத்தினான், ஏற்றினான். பாஸ்கலின் போன் சத்தம் போட்டது. பங்குக் கோயில் வாட்ஸப் குரூப்பில் படம் வந்திருந்தது: மூழ்கிய மீனவர் மீட்பு, பாதுகாப்பு வாரத்தின் முதல் வெற்றி. கீழே முப்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். மீட்கப்பட்டவன் அப்போது வள்ளத்துக்குக் கீழே, இருட்டுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். அடுத்ததாக ஜெமிமா கூப்பிட்டாள். பாஸ்கல் எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்காம்மா,” என்றார். “இல்லம்மா, இப்பம் பேச முடியாது. இங்கன சிக்னல் சரியில்ல.” சிக்னல் நன்றாகவே இருந்தது.

வெயில் தணிந்து காற்று திரும்பியபோதுதான் அமலன் மேலே வந்தான். இருவரும் சேர்ந்து தூக்கிப் பலகையில் படுக்க வைத்தார்கள். மூக்கில் ரத்தம் நின்றிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. பீடி கேட்டான். பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டு பற்றவைக்கப் போனார்.

டெரன்ஸ் வலது கெண்டைக்காலைக் கிள்ளினான்.

“ஏலே, நண்டுப் பயலே, வலிக்கி,” என்றான் அமலன், சிரித்துக்கொண்டே.

டெரன்ஸும் சிரித்தான். பிறகு இடது காலுக்குப் போனான். நகம் பதியக் கிள்ளினான். தோல் சிவந்து, வெளுத்து, நகத்தின் கீழே ரத்தம் கசிந்தது.

அமலன் வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“என்ன மாப்ள, அந்தக் காலைக் கிள்ளலியா?”

“இந்தா கிள்ளுதேன் மச்சான்,” என்றான் டெரன்ஸ், விரலை எடுக்காமல்.