சித்தி மந்தி

சோப்புப் போட்டும் மோதிரம் கழலவில்லை.

"இழுக்காதீங்க. மெதுவா திருகுங்க," என்றாள் நர்ஸ். "தோல் உரிஞ்சிடும்."

இனி உரிந்தால் என்ன என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. மெதுவாகத் திருகினாள். அக்காவின் விரல்கள் கடைசி மாதத்தில் வீங்கிப்போயிருந்தன. "பாருடி, வாழைப்பழச் சீப்பு," என்று போனில் கையை விரித்துக் காட்டிச் சிரித்திருந்தாள். பிரசவம் நல்லபடியாகத்தான் நடந்தது. பெண் குழந்தை. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பிரஷர் ஏறியது, வலிப்பு வந்தது. இன்று காலை டாக்டர் வெளியே வந்து, அத்தானைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

மோதிரம் கணுவைத் தாண்டி நுரையோடு அவள் உள்ளங்கையில் விழுந்தது. வைக்க இடம் தேடினாள். காட்டில் அவள் போடும் சட்டையில் திரும்பிய பக்கமெல்லாம் பைகள். இன்று விடியலில் அதோடுதான் வந்து இறங்கியிருந்தாள். சேறாக இருக்கிறது என்று அம்மா அதைக் கழற்றச் சொல்லி, அக்காவின் பெட்டியிலிருந்து ஒரு மேல்சட்டையை எடுத்துக் கொடுத்திருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் பொத்தான் வைத்துத் தைத்தது. அக்கா அதை ஒருமுறைகூடப் போடவில்லை. அதில் பையே இல்லை. தொலைந்துவிடக் கூடாதே என்று மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டாள்.

இன்னொரு நர்ஸ் துணிச்சுருளோடு வந்தாள். "குழந்தையை யாரு வாங்கிக்கிறீங்க?"

அம்மா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அத்தான் எங்கோ கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

"அப்ப சித்தி. கழுத்தைத் தாங்கிப் பிடிங்க சித்தி."

அந்தச் சொல்லில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மந்திக் கூட்டத்தின் பின்னால் நடப்பது அவள் வேலை. எந்த மந்தி எதனோடு உட்கார்கிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது, எது எப்போது ஈன்றது, வெளியிலிருந்து வந்த கடுவன் குரங்கு எதை விரட்டுகிறது, எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் தொடக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த வேலைக்காக வீட்டில் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்திருந்தாள். கூச்ச சுபாவம் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் அவள் 'குரங்கு டாக்டர்'.

அந்தக் கூட்டத்தில் ஒரு மந்தி ஈன்றதும் மற்ற மந்திகள் வந்து குட்டியை வாங்கிக்கொள்ளும். மடியில் வைத்துப் பார்க்கும், தூக்கிக்கொண்டு மரம் மாறும். பசித்தால் தாயிடம் கொண்டுவந்து விடும். அப்படித் தூக்குகிற மந்திகளுக்கு அவளோடு வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் சித்தி.

இதைச் சொன்ன நாளில் அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "குரங்குக்கே சித்தி இருக்காளா? அப்ப என் பிள்ளைக்குக் கவலையில்லை."

பிறகு, அவர்கள் வெட்டுக்காது என்று அழைத்த மந்தி மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. அதன் குட்டியை அதுவரை ஈன்றிராத ஓர் இளம் மந்தி வாரி எடுத்துக்கொண்டது. அன்று மாலையே அக்காவிடம் சொன்னாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வயித்தோட ஒட்டி வெச்சுக்கிட்டே சுத்துது. யாருக்கும் குடுக்க மாட்டேங்குது."

"என் ராசாத்தி," என்றாள் அக்கா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்றைக்கு அது உண்மை. அதற்கப்புறம் நடந்ததை அவள் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அக்கா, "சித்தியும் குட்டியும் எப்படிடி இருக்காங்க?" என்பாள். "இருக்காங்க," என்பாள் இவள்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அக்காவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அவள் குழந்தையோடு உள்ளறைக்குப் போய்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மா பின்னாலேயே வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு மகளின் கையை எடுத்தாள். மோதிரத்தைப் பார்த்தாள்.

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

"நீயே போட்டுக்கிட்டியா?"

"இல்லம்மா, வைக்க இடம் இல்லாம..."

அம்மா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நீ வாயத் திறந்து சொல்ல வேணாம்டி. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து போய்விட்டாள். கதவுக்கு வெளியே தணிந்த குரல்கள் கேட்டன. பெரியம்மாவுக்குத் தணிந்த குரலில் பேசத் தெரியாது.

"அதத்தானே நானும் சொல்றேன். ஊரான் வீட்டுப் பொண்ணு வந்து இந்தப் பிள்ளையப் பாப்பாளா? இவ பாத்தா அது வேற."

"இப்பப் போயி இந்தப் பேச்சு எதுக்குக்கா? அவ இன்னும் கூடத்துல கிடக்குறா," என்றாள் யாரோ ஒருத்தி.

"கிடக்குறவ சொன்னதுதான். எங்கிட்டயே சொன்னா. எனக்கு ஒண்ணுன்னா தங்கச்சி இருக்கா பெரியம்மா, குரங்குக்கூட்டத்துலயே சித்திதான் வளக்குதாம், இவ என் பிள்ளைய விட்டுருவாளான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னா, பாவி. கடைசி ஆசையா ஆயிடுச்சு."

"அவளுக்குக் காட்டுல வேலை இருக்கே?"

"குரங்கு பின்னாடி போறதெல்லாம் ஒரு வேலையா? குரங்குக்கு இவ இல்லாட்டி சோறு இறங்காதா?" பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். "தாயோட தங்கச்சியும் சித்தி. அப்பன் கட்டிக்கிட்டு வந்தாலும் சித்தி. பிள்ளை கூப்பிடுற பேரைக்கூட மாத்த வேண்டியதில்லை."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கை அவள் மேல்சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தது. பிறந்த குழந்தை எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடிக்க ரோமம் இருந்த காலத்தின் மிச்சம் என்று படித்திருக்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையைக் கட்டிலில் விட்டு, இரு பக்கமும் தலையணை வைத்தாள்.

பால்மாவு டப்பா சமையலறையில் இருந்தது. எத்தனை கரண்டி என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். எழுத்துகள் நின்றன, பொருள் நிற்கவில்லை. அத்தான் உள்ளே வந்தார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. அடுப்பின் மேலிருந்த தண்ணீர்க் கெண்டியைத் தொட்டுப் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறுகாலில் வேறு யாருடையதோ.

"உள்ள பேசுறதெல்லாம் காதுல போட்டுக்காதம்மா," என்றார். "அவங்க அப்படித்தான். நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் தலையசைத்தாள். இப்போது சொல்லிவிடலாம். இவர் புரிந்துகொள்வார். மோதிரத்தைக் கழற்றி இவர் கையிலேயே கொடுத்துவிடலாம். எனக்கு வேண்டாம் அத்தான், நான் போகணும் என்று அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"நேத்து ராத்திரி கொஞ்ச நேரம் நினைவு வந்துச்சு," என்றார் அவர், கெண்டியைப் பார்த்தபடி. "பாப்பா எங்கன்னு கேட்டா. நீ இன்னும் வந்து சேரல, ஆனாலும் உன் தங்கச்சி கையில இருக்குன்னேன். சிரிச்சா." தண்ணீர் சூடேறும் ஓசை கேட்டது. "அந்தக் குட்டி... நீ சொன்னியாமே, தாய் செத்துப்போன குட்டி. அது இப்ப எவ்வளவு பெருசாயிருக்கு?"

இளம் மந்திக்குப் பால் கிடையாது. ஈன்ற மந்தி ஒன்று பக்கத்துக் கிளையிலேயே இருந்தது. அதனிடம் கொடுத்திருந்தால் குடித்திருக்கலாம். இது கொடுக்கவில்லை. யார் கை நீட்டினாலும் குட்டியை இறுக்கிக்கொண்டு இன்னும் உயரமான கிளைக்குப் போனது. குட்டி அதன் மார்பைத் தேடித் தேடிச் சப்பியது. கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்தியது. அவள் மரத்தடியில் நின்று பார்த்தாள். நிற்கத்தான் முடிந்தது. தலை தொங்கிப்போன பிறகும் சித்தி அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா."

அவர் முகத்தில் சவரம் செய்யாத முடிகளுக்கு நடுவே எதுவோ காத்திருந்தது.

"பெருசாயிடுச்சு அத்தான்," என்றாள். "தனியா மரம் ஏறுது."

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். காலையிலிருந்து அழாதவர், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கெண்டி கொதித்து மூடி ஆடியது. அவள்தான் அணைத்தாள்.

அவர் போன பிறகு குழாயைத் திறந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பை விரலில் தடவினாள். மோதிரம் சிரமமே இல்லாமல் கழன்று வந்தது. சோப்புக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள். அங்கே வைக்கக் கூடாது, யாராவது தட்டிவிடுவார்கள். வேறு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

உள்ளறையில் குழந்தை அழத் தொடங்கியது.

பெரியம்மாவின் பேச்சு நின்றது. கூடத்திலும் சத்தமில்லை. உள்ளறையைச் சுற்றி அத்தனை பெண்கள் இருந்தார்கள். யாரும் எழுந்துகொள்ளும் ஓசை கேட்கவில்லை. அவள் குழாயை மூடினாள். அழுகை ஏறியது. ஒரு வளையலாவது அசையும் என்று நின்றாள்.

பிறகு ஈரக் கையோடு போனாள். வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். தள்ளி நின்று, எதையும் தொடாமல் அவளையே பார்த்தார்கள்.

தூக்கியதும் அழுகை நின்றது. குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. மூக்கால் துணியைத் துழாவியது. வாயைத் திறந்து, மேல்சட்டையின் முதல் பொத்தானைக் கவ்விக்கொண்டு சப்பத் தொடங்கியது.