தகரக் கொட்டகையில் நாற்பது பேர்

துறைமுக வாசலிலேயே எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார்கள். உறை பிரிக்காத புதுசு. எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருபத்திரண்டு பேர். அவர்களைக் கட்டி மேய்ப்பது அறிவியல் டீச்சரான என் பாடு.

சுற்றிக்காட்ட வந்த அதிகாரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். புதிதாக நட்ட செடிகளைக் காட்டினார். பிறகு மலை மலையாய்க் கரி குவிந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். குழாய்கள் நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சின.

"நாள் முழுக்கத் தண்ணி அடிக்கிறோம். ஒரு பொட்டுத் தூசி வெளியே போகாது."

எங்கள் பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. தினமும் பெஞ்சைத் துடைத்த பிறகுதான் எங்களுக்குப் பாடமே.

"அப்போ எங்க பெஞ்சுல கறுப்பா படியறது என்ன சார்?"

"அது லாரிப் புகை மேடம்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிள்ளைகள் முன்னால் வாய்ச்சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் கை தூக்கினாள்.

"சார், கரி கூட்டுறவங்க யாரையும் காணோமே? எங்கம்மா இங்கதான் வேலை பார்க்கிறாங்க."

"இன்னைக்கு அவங்களுக்கு லீவும்மா."

"இல்லையே, காலையில சாப்பாடு கட்டிக்கிட்டு வந்தாங்களே!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

சற்று நேரத்தில் ரேடியோ கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து இருமல் சத்தம்.

"டீச்சர், அது எங்கம்மா இருமல்."

நான் தடுப்பதற்குள் அவள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். ஆம், வெளியில் போட்டிருந்த தாழ்ப்பாள். உள்ளே நாற்பது பெண்கள், துடைப்பமும் கூடையுமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூக்கைச் சுற்றிக் கிழிந்த துணி. தகரத்தின் சூடு முகத்தில் அறைந்தது.

"ஏய், நீ எங்கடி இங்க? கதவைச் சாத்து! என் வேலை போயிடும்" என்று அவள் அம்மா பதறினாள்.

பக்கத்திலிருந்த பெண் என்னிடம் சொன்னாள்: "பெரிய இடத்து ஆளுங்க வராங்களாம், கண்ணுல படக்கூடாதுன்னு மேஸ்திரி காலையிலயே அடைச்சுட்டாரு. அது நீங்கதானா டீச்சர்? அடிக்கடி வாங்க. நீங்க வந்தாத்தான் தண்ணி அடிக்கிறாங்க."

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் தன் மாஸ்க்கைக் கழற்றி அம்மா கையில் திணித்தாள்.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. போய் மொத்தப் பிள்ளைகளையும் கூட்டிவந்தேன். அதிகாரி பின்னாலேயே ஓடிவந்தார்.

"மேடம், இதெல்லாம் நீங்க பார்க்க வேண்டிய இடம் இல்ல. பாதுகாப்புக்காகத்தான் இவங்களை..."

"வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு யாருக்குய்யா பாதுகாப்பு? தீ பிடிச்சா இவங்க எப்படி வெளியே வருவாங்க?"

அதற்குள் பிள்ளைகள் நான் சொல்லாமலேயே மாஸ்க்கைக் கழற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். என்னுடையதையும் கொடுத்தேன்.

"இன்னும் பதினேழு வேணும். அது வர்ற வரைக்கும் நாங்க இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்."

பத்தே நிமிடத்தில் பெட்டி பெட்டியாக வந்தது. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கூப்பிடு தூரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டே இவர்களை இருமவிட்டிருக்கிறார்கள்!

மறுநாள் தலைமையாசிரியர் என்னைக் காய்ச்சி எடுத்தார். ரேடியோவின் அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளைத் திரும்பக் கூப்பிடும்வரை துடைப்பத்தைத் தொடமாட்டோம் என்று மற்றப் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.

அன்று மாலை நான் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது ரேடியோவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

"உங்களுக்குக் கோவம் வந்தா கத்திட்டு வீட்டுக்குப் பஸ் ஏறிடுவீங்க. நான் மறுநாளும் அங்கதானே போகணும்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எதிர் பெஞ்சைத் துடைத்துவிட்டேன். அவள் அதில் உட்கார்ந்தாள்.

"தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதறீங்களாமே. இன்னும் தண்ணி அடிக்கலைன்னு எழுதுங்க. தாழ்ப்பாளையும் எழுதுங்க. கையெழுத்து முதல்ல என்னோடது."

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.