மூன்றே மூன்று புகார்

மலைக்கு ஏறும் தாப்பா சாலையில் மண் சரிந்திருந்தது. வேட்பாளர் முந்தின நாளே மலையேறி வந்து தானா ராத்தா டவுனில் தங்கிவிட்டார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டிய ஆள்தான் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஜனம் வந்து உட்கார்ந்த பிறகுதான் இது தெரிந்தது. தோட்ட மேனேஜரான துரை சுற்றிலும் பார்த்துவிட்டு, ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி சிவசாமியைக் கைகாட்டினார்.

மறுக்க வழியில்லை. அரசாங்கத்துக்குப் போகும் மலாய்க் கடிதங்களை எழுதுகிறவன் அவன்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். சிவசாமி மேடையேறி வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்றான்.

அது எண்பத்திரண்டாம் வருஷத் தேர்தல். மலையில் எங்கு பார்த்தாலும் திருட்டைப் பற்றித்தான் பேச்சு. தோட்டங்களில் பட்டப்பகலில் கதவை உடைக்கிறார்கள், இவ்வளவு பெரிய மலைக்குப் போலீஸிடம் இருப்பது ஒரே ஒரு ஜீப் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் போன வாரம் ரிங்லெட்டில் வெளுத்து வாங்கியிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வேட்பாளர் வந்திருந்தார்.

"இங்கே ஒரு போலீஸ் சாவடி வேண்டும் என்கிறார்கள்," என்று அவர் மலாயில் ஆரம்பித்தார். "நான் போலீஸ் புகார்ப் புத்தகத்தைப் பார்த்தேன். போன வருஷம் முழுதும் இந்தத் தோட்டத்திலிருந்து வந்த புகார் மூன்றே மூன்று. குற்றம் இல்லாத இடத்தில் போலீஸை நிறுத்தினால், குற்றம் நடக்கிற இடத்துக்கு யார் போவது?"

சிவசாமி அதைத் தமிழில் சொன்னான். யாரும் கைதட்டவில்லை. யாரும் வேட்பாளரைப் பார்க்கவுமில்லை. எல்லாரும் சிவசாமியைத்தான் பார்த்தார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் எது களவு போனாலும் ஜனம் முதலில் வருவது அவனிடம்தான். அவன் மலாயில் எழுதி, டவுனுக்குப் போகும்போது போலீஸ் நிலையமான பாலாயில் கொடுத்துவிட்டு வருவான். போன வருஷத் தொடக்கத்தில் அப்படி மூன்றைக் கொடுத்தான். மூன்றாவதைக் கொடுத்த அன்று கோப்ரல் இத்ரிஸ் அவனை எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "என்னிடம் இருப்பது ஐந்து பேர், சிவா. எழுதிவிட்டால் விசாரிக்க வேண்டும். விசாரிக்கவில்லை என்றால் மேலே இருந்து கேட்பார்கள். சின்ன விஷயத்தை உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்களேன்," என்றார். துரைக்கும் தோட்டத்தில் சந்தடி இருப்பது பிடிக்காது. அதற்குப் பிறகு எது சின்னது, எது பெரியது என்பதைச் சிவசாமியே பார்த்துக்கொண்டான். வந்தவர்களிடம் "குடுத்தாச்சு, வருவாங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை மேசை டிராயரில் போட்டான்.

திலகத்தின் புகார் சின்னது அல்ல. செப்டம்பரில் அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டை உடைத்துத் தையல் மெஷினைத் தூக்கிப் போய்விட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்த அவள் புருஷன் நல்லுசாமி தடுக்கப்போய், இரும்புக் கம்பியால் அடிபட்டு மணிக்கட்டு முறிந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தத் தாளைச் சிவசாமி எடுத்துக்கொண்டுதான் போனான். அன்று கோப்ரல் இல்லை. இருந்தவர் அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் சம்பளப் பட்டியல் எழுதும் வேலை. அதற்கடுத்த வாரம் கொடுத்தால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள். அதுவும் டிராயருக்குள் போய்விட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து திலகம் எழுந்தாள்.

"கிராணி, அவர்கிட்ட ஒன்னு கேளுங்க. என் வூட்ட ஒடைச்சு எம்புருசன் கைய முறிச்சாங்களே, அது அந்த மூணுல ஒன்னா?"

சிவசாமி வேட்பாளர் பக்கம் திரும்பினான். தன் வீட்டிலும் திருட்டு நடந்ததாக இந்த அம்மாள் சொல்கிறார் என்று மட்டும் மலாயில் சொன்னான்.

வேட்பாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். புகார் கொடுத்தால்தானே போலீஸுக்குத் தெரியும் என்றார். சிவசாமி அதைத் தமிழில் சொன்னான்.

"நான் கேட்டத அப்படியே சொன்னீங்களா?" என்றாள் திலகம்.

அவன் ஒலிபெருக்கியை நகர்த்தி வைத்தான். அவள் மேடைக்குக் கீழே வந்து, காய்கறி வாங்கவும் பஸ் ஏறவும் பழகிய மலாயில் தானே சொன்னாள். "துவான், சாயா லாப்போர். டியா துலிஸ். போலீஸ் தா டாத்தாங்." ஐயா, நான் சொன்னேன், இவர் எழுதினார், போலீஸ் வரவில்லை. அதற்குமேல் அவளிடம் மலாய் இல்லை. அது போதுமாக இருந்தது.

வேட்பாளர் சிவசாமியின் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

முன்வரிசையில் துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் கோப்ரல் இத்ரிஸ் நின்றிருந்தார். ஐந்தாவது வரிசையில் சிவசாமியின் மனைவி ருக்குமணி. வேலை போனால் வீடும் போகும், வீடு தோட்டத்துடையது.

"உண்மைதான், துவான். எழுதினேன். என் மேசையில் இருக்கிறது."

"இது ஒன்றுதானா?"

"இல்லை. இருபத்தேழு."

"ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை?"

சிவசாமி கோப்ரலைப் பார்த்தான். கோப்ரல் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேநீர்ப் பேச்சை இங்கே சொன்னால் யார் சாட்சி? சொல்லிவிட்டு நாளைக்கு அதே பாலாய்க்கு எப்படிப் போவது?

"நான்தான் தாமதப்படுத்திவிட்டேன்."

வேட்பாளர் ஒரு மூச்சு விட்டார். பிறகு அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் பேசினார். இரண்டே வாக்கியம். பேசி முடித்து, தமிழில் வரட்டும் என்று காத்திருந்தார்.

தோளிலிருந்து கையை அவர் எடுக்கவில்லை. "கிராணி" என்ற இடத்தில் "நான்" என்று சொல்லலாமா என்று சிவசாமி ஒரு கணம் யோசித்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"போலீஸ் மேல தப்பு இல்ல, அரசாங்கத்து மேலயும் தப்பு இல்ல," என்றான். "உங்க கிராணிதான் உங்க புகாரையெல்லாம் மேசைக்குள்ள போட்டு மறைச்சு வெச்சிருக்காரு."

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கூட்டம் இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தது. சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவன் கடைசிவரை சொன்னான்.

மறுநாள் துரை அவனை ஆபீஸிலிருந்து எடுத்துக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, நிறுத்தினால் பேப்பரில் வரும். எதிர்க்கட்சிக்காரர்கள் கியா பார்மில் பேசும்போது இருபத்தேழையும் அவன் பெயரையும் சொன்னார்கள். குழாயடியில் ருக்குமணி வந்தால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"எங்கயாச்சும் போயிரலாங்க," என்றாள் அவள்.

"எங்க போறது?"

அவளுக்கும் தெரியவில்லை.

தாள்கள் பாலாய்க்குப் போயின. ஒவ்வொருவரும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. யாரும் போகவில்லை. தேர்தல் முடிந்தது, வேட்பாளர் ஜெயித்தார். சாவடியைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மே மாதம் ஒரு மத்தியானம் திலகம் கூடையை நிறுக்க வைத்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு பாலாய்க்குப் போறேன். நீங்களும் வாங்க. அங்க என் மலாய் பத்தாது."

போனார்கள். கோப்ரல் இத்ரிஸ் சிவசாமியின் முகத்தைப் பார்க்காமலே எழுதினார். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார்.

"கிராணி மறந்துட்டாருன்னு எழுதச் சொல்லுங்க," என்றாள் திலகம்.

"கிராணி மறந்துவிட்டார்," என்றான் சிவசாமி மலாயில். கோப்ரல் அப்படியே எழுதினார். எப்போது வருவார்கள் என்று அவள் கேட்டதற்கு, ஜீப் பட்டறையில் இருக்கிறது என்றார்.

பஸ் நிறுத்தத்தில் தூறல்.

"நீங்க குடுத்திருந்தாலும் அவங்க வந்திருக்க மாட்டாங்க, கிராணி," என்றாள் அவள். "அது எனக்குத் தெரியும்லா."

அவன் பஸ் காசை எடுத்து எண்ணினான்.

"ஆனா கீழ ரோட்டுல ஜீப் சத்தம் கேக்குறப்பல்லாம் நான் வாசலுக்குப் போய் நின்னேன். ஏழு மாசம். குடுக்கலன்னு சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டேன்ல."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிவசாமி இரண்டு இருக்கை தள்ளிப் பின்னால் உட்கார்ந்தான். இருவரும் இறங்க வேண்டியது ஒரே இடத்தில்தான்.