யாரும் வெளியேறாத வகுப்பு

எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு முனையும் அவளுடைய கணவன் மறுமுனையுமாக மேசையைத் தூக்கியபோது மடிக்கணினி சரிந்தது. அவள் பாய்ந்து பிடித்தாள். ஹெட்போனின் வயர் கழன்றது. உடனே ஒரு குரல் கூடமெங்கும் கேட்டது.

"மேடம்?"

மூவரும் அப்படியே நின்றார்கள். இணைய வகுப்பை முடிக்காமல் எழுந்து போனது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் நாற்பது பெயர்களும் இன்னும் இருந்தன.

"நீங்க போங்க, நான் இத முடிச்சுட்டு வரேன்," என்றாள். மேசையைச் சுவரோரம் இறக்கிவிட்டு இருவரும் நாத்தனாரின் அறைக்குள் போனார்கள். உடலைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நாத்தனார் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். தம்பி மனைவி கல்லூரிக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்தபடியே புள்ளியியல் நடத்துவதை முதல் வாரம் வேடிக்கை பார்த்தாள். இரண்டாம் வாரம் வாய் திறந்தாள்.

"நீ பாட்டுக்குப் பேசிட்டே இருக்க. அந்தப் பக்கம் ஆள் இருக்கா?"

"இருக்காங்க அண்ணி. நாப்பது பேர்."

"பேரு இருக்கு. ஆள் இருக்கான்னு கேட்டேன். கேள்வியக் கேட்டுட்டு நீயே பதிலும் சொல்லிடுற. கொஞ்சம் விட்டுப் பிடி. லைன்ல மூச்சு விடுறவன் எப்பவாவது பேசித்தான் ஆகணும்."

சுருக்கென்றிருந்தது. ஆனாலும் மறுநாள் விட்டுப் பிடித்தாள். கேட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நாலைந்து பேராகப் பிரித்துவிட்டுத் தங்களுக்குள் பேசவைத்தாள். ஒரு மாதத்தில் வாய் திறக்காதவள் ஒரே ஒருத்திதான். அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்ததும் நாத்தனார்தான்.

இன்று காலை துறைத்தலைவர் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. நாத்தனாருக்கோ விடிந்ததிலிருந்து இருமல்.

"அண்ணி, ஒரு மணி நேரம் மட்டும். கதவச் சாத்திக்கட்டுமா?"

"சாத்திக்கோ. நான் என்ன கச்சேரியா பண்ணப்போறேன்?" என்று சிரித்தாள். சிரிப்பும் இருமலில்தான் போய் முடிந்தது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பத்துப் பேர் இருக்கும் பஸ்ஸில் ஒரு கோடீஸ்வரன் ஏறினால் அந்தப் பஸ்ஸின் சராசரி வருமானம் என்னவாகும், அந்தச் சராசரியை நம்பலாமா என்று கேட்டாள். காத்திருந்தாள். பிறகு பிள்ளைகள் பிய்த்து உதறிவிட்டார்கள்.

"வரிசையில நடுவுல நிக்கறவனப் பாக்கணும் மேடம். கோடீஸ்வரன் வந்தாலும் அவன் பெருசா அசைய மாட்டான்," என்றான் ஒருவன்.

துறைத்தலைவர் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டு வெளியேறினார். இப்படி ஒரு வகுப்பு அவளுக்கு அமைந்ததே இல்லை. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துவிட்டு, அண்ணிக்கு வெந்நீர் கொடுக்கலாம் என்று எழுந்தாள்.

கதவைத் திறந்தபோது நாத்தனார் கட்டிலிலிருந்து பாதி இறங்கியிருந்தாள். ஒரு கால் தரையில்.

டாக்டர் வந்து நாடியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வேலையிலிருந்து ஓடிவந்த கணவன் ஒன்றுதான் கேட்டான். "அக்கா கூப்பிட்டாளா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்திலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள், எடுத்தாள்.

இப்போது திரையின் முன் குனிந்தாள். "இன்னுமா இருக்கீங்க?"

"இருக்கோம் மேடம்."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுது மேடம். குழுவுலேந்து திரும்பி வந்தோம், நீங்க இல்ல. அப்புறம் அழுற சத்தம்…"

"விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"ஒவ்வொருத்தர் வெளிய போறப்பவும் டிங்னு மணி அடிக்கும் மேடம். துக்க வீட்டுல அந்தச் சத்தம் வேணாம்னு எங்களுக்குள்ள எழுதிப் பேசிக்கிட்டோம்."

அவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். நான் பாடம் நடத்துறப்ப யாராவது கூப்பிட்ட மாதிரி ஏதும் கேட்டுச்சா? எனக்குக் காது மூடியிருந்துச்சு, அதான்…"

"இல்ல மேடம்."

இதுவரை கேட்டிராத குரல். திரையில் ஊமைக்கோட்டானின் பெயர் ஒளிர்ந்தது.

"ஒண்ணுமே கேக்கல மேடம்."

அவளைத் தொடர்ந்து நாலைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. "இல்ல மேடம்." "கேக்கல மேடம்."

எந்தக் கேள்விக்கும் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

"சரி," என்றாள். வகுப்பை மூடினாள். எல்லாப் பெயர்களும் ஒரேயடியாக மறைந்தன.

தொடக்கத்திலிருந்து பதிவாகியிருந்த வகுப்பின் ஒலியைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. ஆம். இல்லை.

"தலைப்பக்கம் வந்து பிடி," என்று கணவன் உள்ளிருந்து கூப்பிட்டான்.

அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். பச்சைக்கோடு ஒன்று இடமிருந்து மெல்ல வளரத் தொடங்கியது. ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.