எட்டடி ரயில்

மூர்த்தி ரம்பத்தை மேசையின் நடுவில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் மாரடைப்பில் போன அப்பா காளிதாஸின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது. ஹாலில் கிடத்த இடம் வேண்டும். இடத்தையெல்லாம் அவருடைய பொம்மை ரயில் அடைத்துக்கொண்டிருந்தது. எட்டடி மேசை, நடையில் திரும்பி அறைக்குள் போகவே போகாது.

"அறுத்துப் போடுடா," என்றாள் அம்மா பிரேமலா, சுவரைப் பார்த்தபடி. கல்யாணமான புதிதில் அவள் ஸ்டோர் ரூமில் போட வைத்த ரயில் அது. ரிட்டயர் ஆன மறுவாரமே மனுஷன் வெளியே எடுத்துவிட்டார். மூன்று வருடமாகக் கோபம். வீடு கூட்டும்போதுகூட அவள் துடைப்பம் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

மகள் யோகேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. அவள் இருக்கும் தெப்ராவிலிருந்து இந்த சிகாமட் வீடு என்ன அவ்வளவு தூரமா? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று அப்பா எத்தனை முறை போனில் கூப்பிட்டிருப்பார். இந்த வயதில் விளையாட்டுச் சாமானா என்று சிரித்தே தட்டிக்கழித்தவள் அவள். வந்து பார்க்காததை இப்போது கண்ணெதிரே அறுக்கப் போகிறார்கள்.

"அஞ்சு நிமிஷம் குடு, மூர்த்தி."

குனிந்தாள். மரத்தூளுக்குச் சாயம் போட்டு செம்பனைத் தோட்டம் செய்திருந்தார். பல்குச்சியில் மின்கம்பங்கள். என்ஜினைத் தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. இதற்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது? மேசைக்கடியில் தவழ்ந்தாள். சாவு வீட்டில் இப்படி நோண்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு பிளக். பக்கத்தில் கையாலேயே திருகும் நாலு நட்டு.

ஒரு மேசை இல்லை, இரண்டு.

பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்தவர், உப்பு டப்பாவுக்கும் பெயர் எழுதுகிறவர். கழற்றும்போது யார் எங்கே பிடிப்பது என்று நாலு மூலைக்கடியிலும் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு பாதியில் மூர்த்தி, பக்கத்து வீட்டு லெட்சுமணன். இன்னொரு பாதியில் ‘யோகா’. எதிர் மூலையில் ‘நான்’.

வராதவளுக்கும் இடம் வைத்திருக்கிறாரே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

லெட்சுமணனைக் கூப்பிட்டார்கள். அவரும் மூர்த்தியும் முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு நடையில் திரும்பினார்கள்.

அம்மா எழுந்து வந்தாள். "என்ன எழுதியிருக்காரு?"

யோகேஸ்வரி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"எம் பேரு?"

"இல்லம்மா."

"நான் தொடமாட்டேன்னு அவருக்குத் தெரியும் லா."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூர்த்தி அவசரமாகத் திரும்பி வந்தான். அம்மா அவனைக் கையால் தடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக் குனிந்து, ‘நான்’ என்றிருந்த மூலையைப் பிடித்தாள்.

"மெதுவா, யோகா. ஒன் பக்கந்தான் ஸ்டேஷன் இருக்கு."