ஆறு சீறலுக்கு ஒரு விரல்

‘எருமை’ என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். கோப்புகளில் அந்த வகை எஞ்சின்களுக்கு வெறும் எண்தான். பெருஞ்சரக்கை இழுப்பதற்கென்றே கட்டப்பட்ட அவற்றுக்கு மூன்று சிலிண்டர்கள்: பக்கத்துக்கு ஒன்று, நடுவயிற்றில் ஒன்று. நடுவில் இருந்ததுதான் ஓயாமல் படுத்தியது. அதை அகற்றிவிட்டு இரண்டே சிலிண்டர்களுடன் மறுபடி கட்டப்பட்ட முதல் எருமைக்கு அன்று வெள்ளோட்டம். அது சரக்கை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மற்றவையும் பட்டறைக்கு வரும். சேர்க்காவிட்டால் அத்தனையும் பழைய இரும்பு.

மறுகட்டுமானத்தில் கைவைத்த ஃபிட்டர், எஞ்சினிலேயே ஏறி உடன் வந்திருந்தான். ஓட்டியவர் அவனுடைய அக்காவின் கணவர். எருமையைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவர். மழை வெளியை முழுவதுமாக மறைத்திருந்தது.

“ஒரு எடத்துல நில்லேன் மாப்ளே. பிரசவ வார்டு வாசல்ல அலையற மாதிரி அலையறே.”

“வேகம் எவ்வளவு இருக்கும் மாமா?”

“நடந்து போறவன் நம்மளப் பாத்துக் கொட்டாவி விடுவான். நடுவயித்தை எடுத்தப்ப உசுரையும் சேத்து எடுத்துட்டீங்க போல.” அவர் நீராவியை விடும் ரெகுலேட்டரை இன்னும் சற்றுத் திறந்தார்.

ஃபயர்மேன் கரியிலிருந்து நிமிரவில்லை. “அடுப்பைப் பாத்தா அப்படித் தெரியலையே அண்ணே. போட்டுக்கிட்டே இருக்கேன், பத்த மாட்டேங்குது.”

“உனக்கு எப்பதான் பத்திருக்கு? சாப்பாட்டுலயும் இதே கதைதானே.”

ஃபிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ பிசகியிருந்தது, எது என்று பிடிபடவில்லை. வெளியே எட்டிக் காதைக் கொடுத்தான்: தண்டுகளில் தட்டல் இல்லை. முகர்ந்து பார்த்தான்: எண்ணெய் கருகும் வாடை இல்லை. ஆனால், காலடித் தகடு மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது. சிறிது தூரத்தில் ஆற்றோர வளைவு.

திரும்பியபோது அவன் கண், ஜன்னல் விளிம்பில் கிடந்த மாமாவின் இடக்கையில் நின்றது. எருமைகளில் வேகமானி கிடையாது. புகைபோக்கியின் ஆறு சீறலுக்கு ஒரு விரல் மடக்குவார். ஐந்து விரலும் மடங்குவதற்குள் எத்தனை மூச்சு விட்டார் என்பதுதான் அவருடைய கணக்கு. வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அந்த விரல்கள் மடங்கும். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

“மாமா, எத்தனை சீறலுக்கு மடக்குறீங்க?”

“இதென்ன கேள்வி? ஆறுக்கு.”

“பழசுலதான் சுத்துக்கு ஆறு, இதுல நாலுதான் மாமா! சக்கரம் ஒண்ணரை சுத்து சுத்தினதுக்கப்புறம் மடக்குறீங்க. நாம பறந்துக்கிட்டிருக்கோம்!”

அவருக்குத் தெரியாத செய்தியன்று. பட்டறையில் அவரே அதைக் கேலி செய்திருந்தார். விரல்களுக்குத்தான் எவரும் சொல்லியிருக்கவில்லை.

ரெகுலேட்டரை அறைந்து மூடிப் பிரேக்கை இழுத்தார். பின்னாலிருந்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வளைவு வந்தது. எஞ்சின் ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. மண்வெட்டி ஃபயர்மேனின் கையைவிட்டுச் சறுக்கிச் சுவரில் மோதியது. சக்கரங்கள் வீறிட்டன. சாய்ந்த எஞ்சின் எழ மனமில்லாததுபோல் சிறிது அப்படியே ஓடி, பின்பு நிமிர்ந்தது. வளைவைத் தாண்டி நின்றார்கள்.

வெள்ளோட்டத்தைச் சோதிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் கடைசிப் பெட்டியிலிருந்து மழையில் ஓடிவந்தார். நெற்றி புடைத்திருந்தது.

“என்னய்யா ஆச்சு? எஞ்சின்ல கோளாறா?”

ஃபயர்மேன் கரியைப் பார்த்தான். ஃபிட்டர் மாமாவைப் பார்த்தான். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் பெயருக்குக் களங்கமில்லை, எருமைகளுக்குத்தான் முடிவு.

“எஞ்சின் தங்கம் சார். நான்தான் வேகத்தைத் தப்பாக் கணிச்சுட்டேன்.”

“நீங்களா?”

“நானேதான்.”

“நீங்களே தப்பாக் கணிச்சா, மத்த டிரைவருங்க?”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவியபடி, “முதல்ல சரக்கைக் கொண்டுபோய்ச் சேருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வண்டி மெல்ல நகர்ந்தது. மாமா இடக்கையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான்காம் சீறலில் விரல் அசையவில்லை. ஆறாவது வரை காத்திருந்தே மடங்கியது. அவர் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“நீ எண்ணு மாப்ளே. சத்தமா எண்ணு.”