டைல்ஸ் கடைக்காரர் பார்த்த தீவு

எனக்கு டைல்ஸ் கடை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம்தான். தரையை வைத்தே கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிகிற ஆள். அந்தத் திமிரோடுதான் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தத் தீவு நாட்டில் போய் இறங்கினேன்.

சும்மா ஊர் சுற்ற இல்லை. என் மாமனார் கப்பலில் சமையல்காரர். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தத் தீவில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். படம் வந்தது, அவர் வரவில்லை. அடுத்த துறைமுகத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அப்பா என்று இவளுக்கு இருப்பது அந்த ஒற்றைப் படம்தான். கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை, பின்னால் வளைவு ஜன்னல், நடுவில் ஒல்லியாகச் சிரிக்கிற மனிதர். அவர் நின்ற இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பதுதான் இவள் ஆசை.

"இவ்வளவுதானே? தரைதான் இருக்கே, கண்டுபிடிச்சிடலாம்!" என்றேன். படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட கைடையும், "எங்களுக்கே தெரியும், போய்யா" என்று விரட்டிவிட்டேன்.

படகுத்துறை ஹாலில் நுழைந்ததுமே இவள், "ஏங்க, இங்க கொஞ்சம் நின்னு..." என்று ஆரம்பித்தாள்.

நான் கீழே பார்த்தேன். "புத்தம் புது டைல்ஸ். இங்க என்னத்தப் பார்க்கிறது? நட, நட!"

கோட்டைக்குப் போனோம். எல்லோரும் மதில் மேல் நின்று கடலைப் பார்த்தார்கள். நான் குனிந்து கல்லைத் தட்டினேன். ஆளுநர் மாளிகையில் கூரை முழுக்க ஓவியமாம். யார் கண்டது? நான் நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன், காவலாளி விசில் ஊதிவிட்டார்.

பழைய சுங்கக் கட்டடத்தில் கறுப்பு வெள்ளைத் தரையைக் கண்டதும், "இதேதான்!" என்று கத்தினேன். இவளை நடுவில் நிறுத்தி, "அசல் பழைய தரை, நூறு வருஷத்துக்குக் குறையாது" என்று அங்கே வந்திருந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் வேறு. ஓரத்தில் ஒரு டைல்ஸ் ஆடியது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் கம்பெனி முத்திரை. என் கடையில் நானே விற்கிற சரக்கு! போன வருஷ டிசைன்!

"ஜன்னலும் இங்க இல்லீங்க," என்றாள் இவள் மெதுவாக. ஜன்னலை நான் பார்க்கவே இல்லை.

கிளம்புகிற நாள் வந்துவிட்டது. படகுத்துறை ஹாலில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தோம். "கிடைக்கலைன்னா விடுங்க, பரவாயில்ல," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க... மேல பாருங்க."

வளைவு ஜன்னல். அதன் உச்சியில் வால் உடைந்த ஒரு கல் மீன். படத்திலும் அதே மீன், அதே உடைந்த வால். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! சுவரை விட்டுவிட்டுத் தரையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஊரார் தரையை மாற்றுவதால்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். அது என் மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள்.

"முதல் நாளே சொன்னேனே" என்று என்னைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். "அப்பா," என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

படகு சங்கு ஊதியது. நான் போனை எடுத்தேன். "நீங்களும் வாங்க," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர் உங்களப் பார்த்ததே இல்லையே."

டிக்கெட் கிழிக்கிறவர்தான் எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது இரண்டு படமும் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. அவர் சிரிக்கிறார், இவள் சிரிக்கிறாள், நான் தலை குனிந்து நிற்கிறேன். வருகிறவர்கள் கேட்டால், "மாமனார் நின்ன இடமில்லையா, அந்த மரியாதை," என்கிறாள்.

டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் சரியாகப் பூசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கும் அது தெரியும்.